திறக்க மறுக்கும் கோப்புகள்: எதைப் பார்ப்பது, எதைச் செய்யாமல் இருப்பது

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் இருந்த கோப்புகளைப் பென்டிரைவ் வழியாகப் புதியதற்கு மாற்றினேன். சில வேர்ட், எக்செல், பிடிஎஃப் கோப்புகளும் கொஞ்சம் போட்டோ, வீடியோக்களும் திறக்கவில்லை. ஒன்றில் ‘கோப்பு சேதமடைந்துள்ளது’ என்று வருகிறது. இன்னொன்று எந்த ஆப்பில் திறப்பது என்று கேட்கிறது. சிலவற்றில் அனுமதி இல்லை என்கிறது. ரிப்பேர் செய்யும் மென்பொருள் ஏதாவது வாங்கலாமா?

பதில்:

இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று செய்திகளும் மூன்று வேறு வேறு பிரச்சினைகள். அவற்றில் ஒன்றில்தான் கோப்பு உண்மையாகவே கெட்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. அதிலும் ‘சேதமடைந்துள்ளது’ என்ற செய்தியை அப்படியே நம்ப வேண்டியதில்லை. தனக்குப் புரியாத எதைக் கொடுத்தாலும் பல மென்பொருள்கள் அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லும். திறக்காத கோப்பு என்று என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. கெட்டவற்றிலும், கெட்டுவிட்டது என்று பதறி, அதன்பின் செய்த காரியங்களால் கெட்டவையே அதிகம்.

அதனால் முதலில், செய்யக்கூடாதவை. பென்டிரைவைச் செருகும்போது ‘ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்டால் சம்மதிக்காதீர்கள். கோப்பு அரைகுறையாகத் திறந்தால் அதே பெயரில் சேவ் செய்யாதீர்கள். மீதம் இருப்பதும் போய்விடும். அந்தப் பென்டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். பிரச்சினை உள்ள கோப்புகளைக் கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் நகல் எடுத்துக்கொண்டு, நகலின் மீது மட்டும் சோதனை செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டர் இன்னும் கையில் இருக்கிறதா? இருந்தால் அங்கே அந்தக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், வேறு ஒரு பென்டிரைவில் மறுபடி காப்பி செய்து, முறைப்படி ‘எஜெக்ட்’ கொடுத்து எடுத்து வந்தால் போதும். கீழே நான் எழுதப்போவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாமலே போகும்.

அங்கேயும் திறக்கவில்லை, அல்லது அந்தக் கம்ப்யூட்டரே இப்போது இல்லை என்றால், அடுத்து பார்க்க வேண்டியது கோப்பின் அளவு. வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் தெரியும். 0 பைட் என்றால் உள்ளே எதுவும் இல்லை. பெயர் மட்டும் வந்திருக்கிறது. 1 கேபி, 2 கேபி என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பலர் டெஸ்க்டாப்பில் இருந்து இழுத்துப் போடுவது கோப்பை அல்ல, கோப்புக்கான ஷார்ட்கட்டை. ஐகானின் ஓரத்தில் சின்ன வளைந்த அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட்தான். உண்மையான கோப்பு பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலேயே பத்திரமாக இருக்கும். கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் ஆப்பில் தெரியும் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளும் இப்படித்தான். அவை ஆவணத்தின் இணைய முகவரியை மட்டும் வைத்திருக்கும் சிறு கோப்புகள். பென்டிரைவில் காப்பி செய்தால் முகவரிதான் வரும், எழுதியது வராது. அதே கணக்கில் உலாவியில் நுழைந்து, ஆவணத்தைத் திறந்து, வேர்ட் அல்லது எக்செல் வடிவில் டவுன்லோட் செய்ய வேண்டும். ஒன்டிரைவ் ஃபோல்டரில் பெயருக்குப் பக்கத்தில் மேகக் குறி இருந்தால் அந்தக் கோப்பு இன்னும் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கவில்லை என்று பொருள். இணையம் இல்லாத நேரத்தில் அது திறக்காது.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாமே ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வேறு கதை. ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைக்கும் வைரஸ் பல வருடங்களாகச் சுற்றி வருகிறது. அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்தால் வைரஸ் ஓடத் தொடங்கும். தொடாமல், ‘வியூ’ மெனுவில் மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கிப் பாருங்கள். உண்மையான ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். முதலில் வைரஸ் ஸ்கேன், பிறகு காப்பி.

சரி, அளவு நியாயமாகத்தான் இருக்கிறது. அடுத்தது கோப்பின் உண்மையான வகை. பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து வரும் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதைத் தேர்வு செய்யுங்கள். இது எப்போதும் இயங்கியபடி இருப்பதே நல்லது. பிடிஎஃப் போல ஐகான் வைத்துக்கொண்டு, பெயரின் கடைசியில் ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் ஆபத்தான கோப்புகளும் அப்போதுதான் கண்ணில் படும்.

எக்ஸ்டென்ஷன் என்பது வெறும் பெயர்ப்பலகை. அதை மாற்றி எழுதினால் உள்ளே இருப்பது மாறாது. போட்டோவின் பெயர் கடைசியில் ஜேபிஜி என்று திருத்தினால் அது ஜேபெக் ஆகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கோப்பின் முதல் சில எழுத்துகள் சொல்லிவிடும். இது தெரிந்துவிட்டால் பாதி மர்மம் தீர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நகலாக எடுத்த கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். திரை முழுக்கக் குப்பை போல எழுத்துகள் வரும்; பயப்பட வேண்டாம், சேவ் மட்டும் செய்யாதீர்கள். முதல் வரியைக் கவனியுங்கள். பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியும் அதையொட்டி பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளுமாகத் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். 1989இல் இந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் கட்ஸ் என்பவரின் முதலெழுத்துகள் அவை. வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் 2007 முதல் பயன்படுத்தும் எக்ஸ் என்று முடியும் வகைகளும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. அதனால் அவையும் அதே பி, கே என்றுதான் தொடங்க வேண்டும். லிப்ரெஆபீஸ் ஆவணங்களும் இபப் மின்னூல்களும் இந்தக் குடும்பம்தான். பிஎன்ஜி படத்தில் அந்த மூன்று எழுத்துகளே முதல் வரியில் தெரியும். ஜேபெக் படங்களில் பொதுவாக ‘ஜேஎஃப்ஐஎஃப்’ அல்லது ‘எக்ஸிஃப்’ என்ற சொல் முதல் வரியில் கிடைக்கும். வீடியோ போன்ற பெரிய கோப்புகளை நோட்பேடில் திறக்காதீர்கள், திணறி நின்றுவிடும். அதற்கு ஹெக்ஸ் எடிட்டர் என்ற வகை மென்பொருள் வேண்டும். எச்எக்ஸ்டி என்று இலவசமாகவே கிடைக்கிறது. மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ‘ஃபைல்’ என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதுவே வகையைச் சொல்லிவிடும்.

இப்படிப் பார்க்கும்போது பொதுவாக நாலு விதமான விடைகள் கிடைக்கும்.

ஒன்று, பிடிஎஃப் என்று பெயர் வைத்த கோப்பில் ‘எச்டிஎம்எல்’ என்று ஆரம்பித்து வரிவரியாக இணையப் பக்கத்தின் நிரல் இருக்கும். லாகின் தேவைப்படும் தளத்தில் இருந்து டவுன்லோட் செய்தபோது, ஆவணத்துக்குப் பதிலாக லாகின் பக்கமோ பிழைச்செய்திப் பக்கமோ அந்தப் பெயரில் இறங்கியிருக்கிறது. கெட ஒன்றுமே இல்லை, ஆவணம் வரவே இல்லை. மறுபடி லாகின் செய்து டவுன்லோட் செய்யுங்கள்.

இரண்டு, பெயரும் உள்ளடக்கமும் வேறு வேறு வகை. ஜேபிஜி என்று பெயர் இருக்கும், ஆனால் உள்ளே ஐபோன் எடுக்கும் எச்இஐசி படம் இருக்கும். பெயரைச் சரியான எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றி, அந்த வகையைப் படிக்கும் மென்பொருளில் திறந்தால் வந்துவிடும்.

மூன்று, தொடக்கம் சரியாக இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

நான்கு, அளவு சரியாகக் காட்டுகிறது, ஆனால் நோட்பேடில் ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை வெறும் இடைவெளிகள்தான். இதுதான் வருத்தமான விடை. கோப்பு முழுக்கப் பூஜ்யங்கள். காப்பி ஆகும்போது மின்சாரம் போனாலோ, பென்டிரைவை அவசரமாகப் பிடுங்கினாலோ, கோப்புக்கான இடம் ஒதுக்கப்பட்டு உள்ளடக்கம் எழுதப்படாமல் நின்றிருக்கலாம். இந்தக் கோப்பை எந்த ரிப்பேர் மென்பொருளாலும் மீட்க முடியாது, மீட்க அதில் எதுவும் இல்லை. பணம் கட்டும் முன் இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். வேறு எங்காவது நகல் இருக்கிறதா என்று தேடுவதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

பென்டிரைவில் வைத்த கோப்புகளில் பாதி நன்றாகவும் மீதி இப்படியும் இருந்தால் பென்டிரைவையே சந்தேகியுங்கள். உள்ளே இருப்பதைவிடப் பல மடங்கு கொள்ளளவு இருப்பதாகக் கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லும் போலி பென்டிரைவ்களும் மெமரி கார்டுகளும் விற்பனையில் இருக்கின்றன. உண்மையான கொள்ளளவு நிரம்பிய பிறகு எழுதுவது எல்லாம் காற்றில் போகும். ஆனால் கோப்பின் பெயர், அளவு, தேதி எல்லாம் சரியாகத் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிரைவ் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மையான அளவைச் சொல்லிவிடும். கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்த பிறகுதான் இந்தச் சோதனை. இன்னொன்று, பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. பெரிய வீடியோ ஒன்று மட்டும் வந்து சேரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் அந்தச் சிக்கல் இல்லை.

இப்போது ‘எந்த ஆப்பில் திறப்பது’ என்று கேட்கும் கோப்புகள். இவற்றுக்குக் கவலையே வேண்டாம். அதைத் திறக்கும் மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். வலது கிளிக், ‘ஓப்பன் வித்’, ‘சூஸ் அனதர் ஆப்’ என்று போய்ச் சரியான மென்பொருளைக் காட்டி, ‘ஆல்வேஸ்’ கொடுத்தால் அடுத்த முறை கேட்காது. எச்இஐசி படங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனித் துணைமென்பொருள் சேர்க்க வேண்டியிருக்கும். வீடியோவில் சத்தம் மட்டும் வந்து படம் வரவில்லை என்றால், அந்த வகை வீடியோவைப் பிரித்துப் படிக்கும் ‘கோடெக்’ என்ற நிரல் இல்லை என்று பொருள். விஎல்சி பிளேயர் பெரும்பாலான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், வீடியோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்டும் முன் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆர்ஏஆர் கோப்புகள் ‘பார்ட்1’, ‘பார்ட்2’ என்று துண்டுகளாக இருந்தால் எல்லாத் துண்டுகளும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். முதல் துண்டைத்தான் திறக்க வேண்டும். மெயிலில் இணைப்பாக ‘வின்மெயில் டேட்’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தால், அனுப்பியவரின் அவுட்லுக் தன் சொந்த வடிவில் பொதிந்து அனுப்பியிருக்கிறது. சாதாரண எச்டிஎம்எல் வடிவில் மறுபடி அனுப்பச் சொல்வதே சுலபம்.

பிடிஎஃப்பில் ஒரு தனி வகை உண்டு, பலரை அலைக்கழிப்பது. திறந்தால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு பக்கம் வரும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அதற்கு மேல் எதுவும் நடக்காது. இவை எக்ஸ்எஃப்ஏ என்ற முறையில் செய்த படிவங்கள். பல உலாவிகளிலும் மொபைல் ஆப்களிலும் இப்படித்தான் நிற்கும். கோப்பை முதலில் கம்ப்யூட்டரில் சேவ் செய்து, அடோபி ரீடரை நிறுவி, அதில் திறங்கள். உடனே படிவம் வந்துவிடும்.

‘அனுமதி இல்லை’ என்ற செய்திக்குக் காரணங்கள் பல, ஆனால் ஒவ்வொன்றும் சோதிக்க எளிது. கோப்பு வேறொரு மென்பொருளில் திறந்திருக்கலாம். வேர்ட் கோப்பு இருக்கும் ஃபோல்டரில், மறைந்த கோப்புகளைக் காட்டச் செய்தால், அலைக்குறியும் டாலர் குறியும் சேர்ந்து தொடங்கும் பெயரில் ஒரு சின்னக் கோப்பு தெரியும். ஆவணம் திறந்திருப்பதற்கான அடையாளம் அது. வேர்ட் இடையில் நின்றுபோனால் இது நீங்காமல் தங்கிவிடும். எல்லா வேர்ட் சன்னல்களையும் மூடிவிட்டு, அந்தச் சின்னக் கோப்பை நீக்கினால் சரியாகும். இணையத்தில் இருந்தோ மெயிலில் இருந்தோ வந்த கோப்பு என்றால் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ சன்னலின் அடியில் ‘அன்பிளாக்’ என்ற சின்னக் கட்டம் இருக்கும். அனுப்பியவரை நன்றாகத் தெரியும் என்றால் மட்டும் அதைத் தேர்வு செய்யுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீண்ட பெயர்களோடு ஆழத்தில் இருக்கும் கோப்பா? முழுப் பாதையும் சேர்ந்து 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் திறக்காது. ஃபோல்டர்களுக்குத் தமிழில் நீளமாகப் பெயர் வைப்பவர்களுக்கு இது சீக்கிரமே வரும், காரணம் ஒரு தமிழ் எழுத்து பல நேரம் இரண்டு குறியீடுகளாகக் கணக்காகும். கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்திப் பெயரைச் சுருக்கினால் போதும்.

பென்டிரைவ் இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிப் புதியதில் மாட்டியிருந்தால் சில விஷயங்கள். ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி கேட்டால், அட்மின் கணக்கில் இருந்து ‘கன்டினியூ’ கொடுத்தால் பெரும்பாலும் வழிவிடும். ஆனால் கோப்பின் ஐகானில் பூட்டுக் குறி இருந்தால் அது பழைய கணக்கின் சான்றிதழால் (அந்தக் கணக்கில் விண்டோஸ் வைத்திருக்கும் டிஜிட்டல் சாவி) பூட்டிக் குறியாக்கம் செய்யப்பட்டது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளடக்கம் வராது. பழைய விண்டோஸ் இன்னும் இயங்குகிறது என்றால் அதை அழிக்கும் முன், பழைய கணக்கிலேயே நுழைந்து குறியாக்கத்தை நீக்குங்கள். டிஸ்க் முழுவதும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பலருக்கு அங்கே அது சேமிக்கப்பட்டிருக்கும்.

இனி, உண்மையாகவே அடிபட்ட கோப்புகள். தொடக்கம் சரி, ஆனால் திறக்கவில்லை என்றேனே, அவை. இவற்றில் நம்பிக்கைக்கு நிறைய இடம் இருக்கிறது.

கோப்பு பாதியில் நின்றுபோனால் இழப்பது எப்போதும் கடைசிப் பகுதியைத்தான். சிக்கல் என்னவென்றால், ஜிப், பிடிஎஃப், எம்பி4 என்று நாம் அன்றாடம் பயன்படுத்தும் முக்கியமான வடிவங்கள் பலவும், எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் தங்கள் அட்டவணையைப் பெரும்பாலும் கடைசியில்தான் வைத்திருக்கின்றன. கடைசிப் பக்கங்கள் கிழிந்துபோன தடித்த புத்தகத்தில் பொருளடக்கமும் அந்தக் கடைசியிலேயே இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்த விஷயம் எங்கே என்று தெரியாததால் மென்பொருள் முழுக் கோப்பையும் கைவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உள்ளேயே இருந்தாலும் ‘சேதமடைந்துள்ளது’ என்ற ஒரே வரிதான் உங்களுக்குக் கிடைக்கும். மீட்பது என்றால் அட்டவணையை நம்பாமல் முதலில் இருந்து படித்துக்கொண்டு போவதுதான்.

வேர்டிலும் எக்செலிலும் இதற்கு வசதி உள்ளேயே இருக்கிறது. டபுள் கிளிக் செய்யாமல், வேர்டைத் தனியாகத் திறந்து ‘ஓப்பன்’, ‘ப்ரௌஸ்’ என்று போய்க் கோப்பை ஒருமுறை மட்டும் கிளிக் செய்யுங்கள். ‘ஓப்பன்’ பொத்தானின் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ இருக்கும். எக்செல் இந்த இடத்தில் முழுதாகச் சரிசெய்வதா, தரவை மட்டும் பிரித்தெடுப்பதா என்று கேட்கும். முதலில் முழுச் சரிசெய்தல், அது தோற்றால் தரவு மட்டும். இரண்டும் தோற்றால் லிப்ரெஆபீஸில் திறந்து பாருங்கள். மைக்ரோசாஃப்ட் மறுக்கும் கோப்பைப் பல நேரம் அது ஏற்றுக்கொள்ளும். ரிப்பேர் செய்யவா என்று அதுவே கேட்கும்.

அதுவும் ஆகவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று. கோப்பின் நகலை 7-ஜிப்பில் திறங்கள். உள்ளே ‘வேர்ட்’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘டாக்குமென்ட்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு. நீங்கள் எழுதிய வரிகள் எல்லாம் அதில்தான். ‘மீடியா’ ஃபோல்டரில் ஆவணத்தில் சேர்த்த படங்கள் கிடைக்கும். எழுத்து அலங்காரம் போய்விடும், நடுவில் நிரல் குறிகள் கலந்திருக்கும். ஆனால் பல மாதங்கள் எழுதிய ஒரு கட்டுரையைத் திரும்பத் தட்டச்சு செய்வதோடு ஒப்பிட்டால், குறிகளை நீக்கிக்கொள்வது ஒரு வேலையே இல்லை. 7-ஜிப் திறக்க மறுத்தால், வின்ராரின் ‘ரிப்பேர்’ வசதி இந்த ஜிப் அட்டவணையை மறுபடி கட்டிப் பார்க்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய எக்செல், வேர்ட் கோப்புகள் ஜிப்பாக இருக்காது, வேறொரு பழைய உறைக்குள் இருக்கும். அதனால் முதல் இரண்டு எழுத்துகள் பி, கே என்று வரவில்லை என்பதற்காக அது கெட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பாஸ்வேர்ட் வைத்த ஞாபகம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள்.

பிடிஎஃப்புக்கு முதல் வைத்தியம் வேறு மென்பொருள். அடோபி மறுத்தால் உலாவியில் இழுத்துப் போடுங்கள், அல்லது சுமத்ரா பிடிஎஃப்பில் திறங்கள். இவை தொலைந்த அட்டவணையைக் கோப்பைப் படித்துத் தாங்களே மறுபடி கட்ட முயலும். திறந்தவுடன் ‘ப்ரின்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துப் புதிய கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஜேபெக் படம் மேல் பாதி சரியாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்தால் அங்கே கோப்பு வெட்டுப்பட்டிருக்கிறது. மேல் பாதி மட்டும்தான் மிச்சம். கேமராவின் ரா கோப்புகள் (பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படங்கள்) என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு. பெரும்பாலானவற்றுக்குள் ஒரு ஜேபெக் முன்னோட்டமும் சேர்ந்தே இருக்கும், மூலம் கெட்டாலும் அதைத் தனியாக எடுக்க முடியலாம்.

வீடியோவில் அட்டவணை பதிவை நிறுத்தும் கணத்தில்தான் எழுதப்படும். பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்துவிட்டால், ஒரு மணி நேர வீடியோ முழுவதும் கார்டில் இருந்தும் எந்தப் பிளேயரிலும் ஓடாது. இதற்கு ‘அன்ட்ரங்க்’ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே கேமராவில், அதே அமைப்புகளில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், அதைப் பார்த்து உடைந்ததன் அட்டவணையைக் கட்டித் தரும். அதனால் உடைந்த வீடியோ கையில் இருக்கும்போது அந்தக் கேமராவை விற்றுவிடாதீர்கள், அமைப்பை மாற்றாதீர்கள்.

இன்னொரு வகைக் கோப்பு உண்டு: திறக்கும், ஆனால் படிக்க முடியாது. நம் மொழியில் இது நிறைய. யூனிகோடு பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த ஆவணங்கள் பாமினி, டிஸ்கி, டாப், டாம் போன்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில் இருக்கும். அந்த ஃபான்ட் புதிய கம்ப்யூட்டரில் இல்லாததால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். உள்ளடக்கம் ஒரு எழுத்துகூடக் குறையாமல் இருக்கிறது. வேர்டில் அந்த வரியைத் தேர்வு செய்தால் ஃபான்ட் பெட்டியில் பழைய பெயர் தெரியும். அந்த ஃபான்ட்டை நிறுவினால் உடனே படிக்கலாம், எழுத்துரு மாற்றிகளில் கொடுத்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் நிரந்தரமாகச் சரியாகும். சிஎஸ்வி கோப்பை எக்செலில் டபுள் கிளிக் செய்தால் தமிழ் சிதைந்து வருவது இதற்கு நேர் எதிர். கோப்பு யூனிகோடில் சரியாக இருக்கிறது, எக்செல்தான் தவறாகப் படிக்கிறது. ‘டேட்டா’ மெனுவில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ வழியாகக் கொண்டுவந்து, குறியாக்கத்தில் யூடிஎஃப்-8 தேர்வு செய்யுங்கள். சிதைந்த நிலையிலேயே சேவ் செய்துவிட்டால் மட்டும் மீட்பது கஷ்டம்.

இரண்டு நிலைமைகளில் இதுவரை சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஒன்று, ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட்டாலோ, ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் திணறினாலோ. அப்போது கோப்பு அல்ல, டிஸ்க் சாகிறது. பலர் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான ‘செக்டிஸ்க்’ ஓட்டச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். கோப்பு முறையை ஒழுங்குபடுத்துவதுதான் அதன் வேலை, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல. சாகும் டிஸ்க்கை அது மேலும் வதைக்கும். கிடைத்த துண்டுகளைப் பெயரில்லாத சிஎச்கே கோப்புகளாகப் போட்டுவிட்டுப் போகும். முக்கியமானதை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள், முடியவில்லை என்றால் அணைத்துவிட்டு டேட்டா மீட்பு நிபுணரிடம் கொடுங்கள். மற்றொன்று, எல்லாக் கோப்புகளின் எக்ஸ்டென்ஷனும் ஒரே புதிய சொல்லாக மாறி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் குறிப்பு ஒன்று இருந்தால் அது ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ். நெட்வொர்க்கைத் துண்டியுங்கள், பென்டிரைவ் எதையும் செருகாதீர்கள், அந்தக் குறிப்பையும் அழிக்காதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ தளத்தில், மாதிரிக் கோப்பைக் கொடுத்து எந்த வகை என்று கண்டறியலாம். சில வகைகளுக்கு இலவசச் சாவியே அங்கே இருக்கிறது.

அப்புறம், பழைய நகல்களை எங்கே தேடுவது. நாம் மறந்த இடங்களில்தான் கிடைக்கும். யாருக்காவது மெயிலில் அனுப்பினீர்களா? ‘சென்ட்’ பெட்டியில் அன்றைய நகல் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அனுப்பிய போனிலும் பெற்றவர் போனிலும் பாருங்கள். கூகுள் டிரைவில் ஏற்றிய கோப்புகளின் முந்தைய பதிப்புகள் வழக்கமாக 30 நாட்களுக்கு இருக்கும். ஒன்டிரைவிலும் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ உண்டு. வேர்ட் சாதாரணமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும், பழைய கம்ப்யூட்டரில் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘மேனேஜ் டாக்குமென்ட்’ வழியாக அவற்றைத் தேடலாம். பழைய டிஸ்க்கில் இருந்து அழித்திருந்தாலும், அது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்து அதன்பின் அதிகம் எழுதப்படாமல் இருந்தால், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவியால் எடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. சுழலும் பகுதி இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் என்றால் அழித்த இடத்தைத் தானே துடைத்துவிடுவதால் வாய்ப்பு மிகக் குறைவு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பணம் கட்டும் மென்பொருளில் நல்லவையும் உண்டு. ஆனால் மீட்டதை முன்கூட்டியே காட்டாத எதையும் வாங்காதீர்கள். இலவசச் சோதனைப் பதிப்பில் உங்கள் கோப்பின் உள்ளடக்கம், அதாவது உங்கள் வரிகளோ படமோ, கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘137 கோப்புகள் கண்டுபிடிக்கப்பட்டன’ என்பது போன்ற எண்ணிக்கை மட்டும் போதாது. ‘ஆன்லைனில் இலவசமாகச் சரிசெய்யுங்கள்’ என்று சொல்லும் தளங்களில் வங்கி விவரம், அடையாள ஆவணம், மருத்துவ அறிக்கை, மற்றவர்களின் தகவல் உள்ள எதையும் ஏற்றாதீர்கள். ஏற்றியபின் அது எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. கோப்பு ஈடு இல்லாதது, மேலே சொன்னவை எதுவும் பலிக்கவில்லை என்றால், எந்த மென்பொருளையும் அந்த டிஸ்க்கில் நிறுவாமல் நிபுணரிடம் கொண்டுபோங்கள். கோப்பின் முழுப் பெயர், அளவு, முதல் வரியில் தெரிந்த எழுத்துகள், வந்த பிழைச்செய்தி, இதுவரை நீங்கள் செய்து பார்த்தவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் தொடங்கவேண்டிய இடம் அதில் தெரிந்துவிடும்.